பெற்றவர்கள் மறப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள்

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தது நிம்மதியாக இருந்தது. மற்ற விஷயங்களைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் கடைசிப் பத்தியில் கேட்டிருந்த கேள்வி மட்டும் தொலைபேசியில் பேசி முடிக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. "கைக்குழந்தையைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்களாம், மாலையில்தான் நினைவு வந்ததாம். பெற்றவர்கள் மறப்பார்களா? அந்த நாட்டில் இவர்களுக்குத் தண்டனை உண்டா, இல்லையா?" என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் கோடை வந்துவிட்டால் இதே கேள்வியை இதே கோபத்தோடு கேட்கிறார்கள்.

இது எப்போதோ ஒரு முறை நடக்கும் விபரீதம் அல்ல. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நல் என்ற வானிலை அறிஞர், அமெரிக்காவில் இப்படிக் காருக்குள் சூட்டில் சிக்கிக் குழந்தைகள் இறப்பதை 1998 முதல் கணக்கெடுத்து வருகிறார். ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் அளவில் இப்படி இறக்கிறார்கள். 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எண்ணிக்கை 50-ஐத் தாண்டியது. மாநில வாரியாகப் பார்த்தால் நாங்கள் இருக்கும் டெக்சாஸ்தான் முதலிடம். இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு வயது நிரம்பாதவர்கள். ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் உண்மையிலேயே மறக்கப்பட்டவர்கள். கால்வாசிப் பேர் பூட்டாத காருக்குள் விளையாடப் போய் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர்தான், 'இதோ வந்துவிடுகிறேன்' என்று தெரிந்தே விட்டுச் செல்லப்பட்டவர்கள். செய்தியாக வரும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் இது நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயிலை இருக்கைகளும் முன்பலகையும் வாங்கிக்கொண்டு காற்றைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு வெளியேற வழியில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே உள்வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடிய சூட்டின் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. வெளியே 22 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட உள்ளே 40-ஐத் தாண்டும் என்று 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஜன்னலைச் சற்றே இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப்பட்ட மரணங்கள் இங்கே மிகவும் அரிது. அந்தக் காலத்துப் பெற்றோர் இன்றைய பெற்றோரைவிடப் பாசம் மிகுந்தவர்கள் என்பதா காரணம்? அப்போது குழந்தையின் இருக்கை பெரும்பாலும் முன்பக்கத்தில், ஓட்டுபவரின் பக்கத்திலேயே இருந்தது. 1990-களில் முன் இருக்கைகளுக்கு ஏர்பேக் வந்தது. விபத்தின்போது அது விரியும் வேகத்தில் முன்னால் அமர்ந்திருந்த சிறுவர்கள் சிலர் இறந்தார்கள். அதனால் குழந்தைகளைப் பின்னால் உட்கார வைக்க வேண்டும், கைக்குழந்தையாக இருந்தால் பின்புறம் பார்த்தபடி படுக்க வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். அது சரியான அறிவுரைதான். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பின்புறம் பார்த்திருக்கும் அந்த இருக்கை, குழந்தை உள்ளே தூங்கினாலும் காலியாக இருந்தாலும், ஓட்டுபவரின் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு ஆபத்தை விலக்கப்போய் இன்னொன்றுக்கு இடம் கொடுத்துவிட்டோம், அதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல்.

இனி மறதிக்கு வருகிறேன். தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் டேவிட் டயமண்ட் என்ற நரம்பியல் பேராசிரியர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். அவர் சொல்வதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். தினமும் செய்கிற காரியங்களை யோசிக்காமல் செய்ய வைப்பது மூளையின் அடியில் இருக்கும் பேசல் காங்லியா என்ற பகுதி. பழகிய சாலையில் வண்டி ஓட்டி அலுவலகம் வந்து சேர்ந்த பிறகு, நடுவில் எந்தத் திருப்பத்தில் திரும்பினோம் என்றே நினைவில்லாமல் இருப்பது அதன் வேலைதான். 'இன்று வழியில் குழந்தையைப் பகல்நேரக் காப்பகத்தில் விட வேண்டும்' என்பது போல இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைத்திருப்பது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் மூளையின் முன்பகுதியும் சேர்ந்து செய்யும் வேலை. இந்த இரண்டும் போட்டியிடும்போது பழக்கமே ஜெயித்துவிடுவதுண்டு. இரவுத் தூக்கம் கெட்டிருந்தால், மனத்தில் வேறு கவலை இருந்தால், வழக்கமாக மனைவி கொண்டுபோய் விடும் குழந்தையை அன்று மட்டும் கணவர் கொண்டுபோகிறார் என்றால், அதற்கு வாய்ப்பு இன்னும் கூடுகிறது. குழந்தையும் சத்தமில்லாமல் தூங்கிவிட்டால் நினைவூட்ட அந்தக் காரில் வேறு எதுவும் இல்லை.

இதைவிட என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. செய்யாமல் விட்ட காரியத்தைச் செய்து முடித்துவிட்டதாகவே மூளை ஒரு பொய் நினைவை உண்டாக்கிக்கொள்ளும் என்று டயமண்ட் சொல்கிறார். அதனால்தான் அவர்களால் நாள் முழுவதும் நிம்மதியாக வேலை பார்க்க முடிகிறது. சிலர் மாலையில் நேராகக் காப்பகத்துக்கே போய்க் குழந்தையைக் கேட்டிருக்கிறார்கள், அப்பா. காலையில் குழந்தை வரவே இல்லையே என்று அங்கே சொன்ன பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

'கைபேசியை மறக்கிறார்களா, குழந்தையை மட்டும் எப்படி மறப்பார்கள்?' என்று இங்கே பலர் கேட்கிறார்கள், நீங்களும் கேட்கக்கூடும். கைபேசியையும் மறக்கிறோம், ஆனால் அது இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. எது நமக்கு அருமையானது என்று பார்த்து, அதை மட்டும் மறக்காமல் காப்பது நினைவாற்றலின் இயல்பு அல்ல. ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள், இராணுவத்தினர், ஏழைகள், வசதியானவர்கள், பல ஆண்டுகள் காத்திருந்து குழந்தை பெற்றவர்கள் என எல்லா வகையினருக்கும் இது நேர்ந்திருக்கிறது.

தண்டனை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். டெக்சாஸ் சட்டப்படி, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் துணையின்றிக் காரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தெரிந்தே விட்டுச் செல்வது 500 டாலர் வரை அபராதத்துக்குரிய சிறு குற்றம். 'தெரிந்தே' என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மறந்தவர்களுக்கு அது பொருந்தாது. குழந்தை இறந்துவிட்டால் அதைவிடக் கடுமையான பிரிவுகளில் வழக்குத் தொடர முடியும். தொடர்வதா வேண்டாமா என்பது அந்தந்த கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு சம்பவங்களில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார், இன்னொருவர் கைது செய்யப்படுகிறார். நீதிமன்றத்திலேயே பணிக்காலத்தைக் கழித்த உங்களுக்கு இது எவ்வளவு உறுத்தும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். 2008-இல் வர்ஜீனியாவில், ரஷ்யாவிலிருந்து தத்தெடுத்து வந்த ஆண் குழந்தையை ஒரு தந்தை காப்பகத்தில் விட மறந்து அலுவலக வளாகத்தில் காரோடு விட்டுவிட்டார். குழந்தை இறந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி, இது குற்ற மனத்தோடு செய்ததல்ல என்று அவரை விடுவித்தார். ரஷ்யாவில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 2012 டிசம்பரில், வேறு அரசியல் காரணங்களும் சேர்ந்து, அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுப்பதையே தடை செய்யும் சட்டம் அங்கே வந்தபோது, அந்தக் குழந்தையின் பெயரால்தான் அது அழைக்கப்பட்டது. ஒரு தகப்பனின் மறதிக்கு, வீடு கிடைக்கக் காத்திருந்த அநாதைக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள்.

இன்னொன்று 2014-இல் ஜார்ஜியாவில் நடந்தது. அங்கே தந்தை வேண்டுமென்றே விட்டுச் சென்றார் என்பது அரசுத் தரப்பின் வாதம். அவருடைய திருமணத்துக்கு வெளியேயான தொடர்புகளை விரிவாக எடுத்து வைத்தார்கள். 2016-இல் கொலைக் குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்த அந்தரங்க விவகாரங்கள் ஜூரிகளின் மனத்தில் நியாயமற்ற வெறுப்பை உண்டாக்கிவிட்டன என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கொலைக் குற்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அரசுத் தரப்பும் அந்தக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. அந்த மனிதரின் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பதை நான் அறியேன். ஒருவர் நல்ல கணவர் இல்லை என்பதிலிருந்து குழந்தையைக் கொன்றிருப்பார் என்று தாவுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதைத்தான் நான் கவனித்தேன்.

அப்படித் தாவ நாம் ஏன் விரும்புகிறோம்? அவர்கள் கெட்டவர்கள் என்று ஆகிவிட்டால் நம் வீட்டில் அது நடக்காது என்று உறுதி கிடைக்கிறது. கோபத்துக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் பயம் என்று எனக்குப் படுகிறது. இந்தக் கோபத்தால் கேடும் விளைகிறது. 'நான் அப்படிப்பட்ட தாய் இல்லை' என்று நம்புகிறவள், தன் வண்டியில் எந்த முன்னெச்சரிக்கையும் செய்துகொள்ள மாட்டாள். மறப்பதைத் தண்டனையால் தடுக்கவும் முடியாது. மறப்போம் என்று தெரிந்தா யாரும் மறக்கிறார்கள்?

அதற்காக யாரையுமே குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏசி ஓடுகிறதே என்று குழந்தையை வண்டியில் விட்டுக் கடைக்குப் போகிறவர்கள்மேல் எனக்கு இரக்கம் இல்லை. காப்பகத்து வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஊழியர், இறங்கியவர்களை எண்ணாமலும் கடைசி இருக்கை வரை நடந்து பார்க்காமலும் பூட்டிவிட்டுப் போனால் அதுவும் குற்றம்தான். "அதுவும் மறதிதானே?" என்று நீங்கள் மடக்குவீர்கள். மறதி வரும் என்று எதிர்பார்த்துத்தான் அவருக்கு ஒரு சரிபார்ப்பு முறையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைச் செய்யாமல் விட்டார். பெற்றோருக்கு அப்படி ஒரு முறையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த வாதம் என்மீதே திரும்பும் என்பதும் எனக்குத் தெரியும்: இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு முறையும் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் எனக்குச் சொல்ல எந்தச் சமாதானமும் இல்லை.

கார் உற்பத்தியாளர்களையும் அரசையும் இதில் விட்டுவிட முடியாது. விளக்கை அணைக்காமல் இறங்கினால் எச்சரிக்கும் கார்கள் எவ்வளவோ காலமாக இருக்கின்றன. பின் இருக்கையைப் பார்க்கச் சொல்லும் ஒலி, ஜெனரல் மோட்டார்ஸ் 2017 மாடலில் கொண்டுவந்த பிறகுதான் மெல்ல மெல்லப் பரவியது. அதுவும் பயணத்துக்கு முன் பின்கதவு திறக்கப்பட்டதா என்பதை வைத்துத்தான் ஒலிக்கிறது. உள்ளே குழந்தை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட நினைவூட்டலைக் கட்டாயமாக்கும் விதியை வகுக்கச் சொல்லி 2021-இல் அமெரிக்க காங்கிரஸ் போக்குவரத்துத் துறைக்கு உத்தரவிட்டது. இத்தாலியில் 2019 நவம்பர் முதலே, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்திருப்பவை எளிமையானவை. என் அலுவலகப் பையும் அடையாள அட்டையும் எப்போதும் பாப்பாவின் இருக்கைக்குக் கீழேதான் இருக்கும். அவை இல்லாமல் என்னால் அலுவலகத்துக்குள் நுழைய முடியாது. உங்கள் மாப்பிள்ளையும் தம் பையை அங்கேயே வைக்கிறார். காரை நிறுத்தினால், பாப்பா உடன் வந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வோம். காப்பகத்தில் விட்டதும், விட்டவர் மற்றவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். நாங்கள் முன்கூட்டிச் சொல்லாமல் பாப்பா குறித்த நேரத்துக்கு வரவில்லையென்றால் உடனே எங்கள் இருவரையும் அழைக்க வேண்டும் என்று காப்பகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எந்தக் கருவியையும்விட இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன்.

ஆகஸ்டில் நீங்களும் அம்மாவும் வரும்போது இதில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் ஆள் கூடினால் பாப்பாவுக்குப் பாதுகாப்பும் கூடும் என்று தோன்றும். ஆனால் வழக்கம் மாறுவதும், அவள் உங்களிடம் இருப்பதாக நானும் என்னிடம் இருப்பதாக நீங்களும் நினைத்துக்கொள்வதும்தான் இந்த விஷயத்தில் ஆபத்து. ஆகவே பாப்பாவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, "என்னிடம் இருக்கிறாள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். காரிலிருந்து இறங்குகையில் யார் அவளை இறக்குவது என்பதைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்வோம். வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பூட்டியே வைக்க வேண்டும், சாவியை அவளுக்கு எட்டாத ஆணியில் மாட்ட வேண்டும். நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும்போது, எங்கேயாவது நிறுத்தியிருக்கும் காரில் குழந்தை தனியாக இருப்பதைப் பார்த்தால், உரியவரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். உங்கள் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கி வைத்துவிடுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை உங்களுக்கும் அம்மாவுக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் எழுதியதில் உங்களுக்கு உடன்பாடில்லாத இடம் எது என்று பதில் எழுதுங்கள். காப்பகத்து வேன் விஷயத்தில் நிச்சயம் ஏதாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்