செவ்வாய்க்கிழமைச் சுற்று

கோபிசெட்டிபாளையம்,
அக்டோபர் 9

கண்ணு,

நலமா இருக்கிறாயா? இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மற்ற சேதியெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். பெரியம்மா பேத்தி வரும் வாரம் இங்கிலாந்து வருகிறாள், உன் ரெடிங்குக்குத்தான். பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பொடியை உடனே டப்பாவில் மாற்றி வை.

நீ தனியாக சைக்கிளில் தூரம் போனால் நீ போகும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் ஒரு லிங்க் எனக்கு வரும்படி போன வருஷம் செய்து கொடுத்தாயே, அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நீ மறந்திருப்பாய். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்தது. உனக்குக் காலை எட்டு மணி. புள்ளி காவர்ஷம் பாலம் தாண்டி வடக்கே நகர ஆரம்பித்தது. அது திரும்பி வீடு வந்து சேர்ந்தபோது இங்கே இரவு பதினொன்று இருபது. நான் படுக்கவில்லை. அங்கே இப்போது ஆறரை வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது, நீ வந்தது ஆறு ஐம்பதுக்கு. பின்னால் சிவப்பு விளக்கு போட்டிருந்தாயா? முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் இல்லாமல் இருட்டில் ஓட்டுவது அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். ஹெல்மெட் கட்டாயம் இல்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். சட்டத்துக்குக் கட்டாயம் இல்லை, எனக்குக் கட்டாயம்.

80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறாய். வாட்லிங்டன் மேட்டில் புள்ளி மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. நாங்கள் அங்கே வந்திருந்தபோது காரில் அதே மேட்டில் ஏறும்போது அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது. அதை நீ மிதித்தே ஏறிவிட்டாய். சந்தோஷமாக இருந்தது, கண்ணு. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சமஉயரக்கோடு சொல்லிக் கொடுத்தவளுக்குத் தெரியாதா, கோடுகள் அப்படி நெருங்கி இருந்தால் காலுக்கு என்ன வேலை என்று.

அந்த மேட்டில் புல்லைச் செதுக்கி வெள்ளையாக ஒரு நீள் முக்கோணம் இருக்குமே, 1764இல் ஒரு நிலக்கிழார் வெட்டியது. தன் வீட்டிலிருந்து பார்த்தால் ஊர்த் தேவாலயத்துக்கு மேலே கூர்கோபுரம் இருப்பதுபோலத் தெரியட்டும் என்று வெட்டினாராம். தோண்டினால் வெள்ளை வருகிறதே, அதுதான் அந்த மலை முழுக்க. சில்டர்ன் மலை சுண்ணாம்புப் பாறை, பெய்த மழையை உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஓடை நிற்காது. உள்ளே இறங்கிய தண்ணீர் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வரும். யூவெல்மில் தெளிந்த தண்ணீரில் கீரை வளர்க்கும் பாத்திகள் பார்த்தோமே, அது அந்த ஊற்றுத் தண்ணீர்தான். அந்த ஊரில் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளிக்கூடத்தில் இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நீ காட்டியபோது எனக்கு உள்ளே போய் ஒரு வகுப்பு எடுக்கவேண்டும் போல இருந்தது.

சரி, அந்தச் சுண்ணாம்புக்குள் சக்கிமுக்கிக்கல் கிடக்கிறது. மழை பெய்தால் கரையிலிருந்து அரித்து ரோட்டுக்கு வரும். உடைந்த முனை பிளேடு மாதிரி, டயரை அறுத்துவிடும். அதோடு, குருவி கூடு கட்டும் காலம் என்று மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை அங்கே விவசாயிகள் உயிர்வேலியை வெட்டக்கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரை வைத்து வெட்டுகிறார்கள். முள்ளெல்லாம் ரோட்டில்தான் கிடக்கும். டியூப் இரண்டு வைத்துக்கொள். பம்ப் இருக்கிறதா? டர்வில் பக்கம் இறங்கும்போது பீச் மரத்து இலை நனைந்து கிடக்கும், வளைவில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதே. இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து, ஒரு கார் மட்டும் போகிற அகலத்தில் இருக்கும் அந்தச் சந்து ரோட்டில்கூட மணிக்கு 60 மைல் போகலாம் என்று சட்டம் விட்டிருக்கிறதே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டராவது விலகவேண்டும் என்று 2022இல் விதியை மாற்றினார்கள் என்றாய். எல்லோருமா படித்திருப்பார்கள்? குறுகலான இடத்தில் ஓரத்தில் ஒட்டிப் போகாதே, நடுவில் போ. அதற்கும் அந்த விதியிலேயே இடம் இருக்கிறது. விளக்கு போடு.

செவ்வாய்க்கிழமை ரோட்டில் கூட்டம் குறைவாக இருந்திருக்கும். அது நல்லதுதான். போன வாரம் வியாழக்கிழமையும் போயிருந்தாய். லீவு மிச்சம் இருக்கும்போது எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. முன்னேயெல்லாம் பகலில் கூப்பிட்டால் மீட்டிங் என்பாய், இப்போது இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறாய். எடுத்தாலும் நீ பேசுவதில்லை, சாப்பிட்டேன், குளிர் ஆரம்பித்துவிட்டது, அப்பா எப்படி, அவ்வளவுதான். நான் எழுதி அனுப்புவதற்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் போடுகிறாய். இதற்காகவா அந்தப் போனை வாங்கிக் கொடுத்தாய்?

மொத்தம் பத்தே முக்கால் மணி நேரத்தில் சைக்கிள் ஓடியது ஐந்து மணி நேரம்கூட இல்லை. மீதி நேரம் எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், ஸ்டோக் ரோவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் புள்ளி அசையவில்லை. முதலில் பஞ்சர் என்று நினைத்தேன். அப்புறம் விழுந்துவிட்டாயோ என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காசி மகாராஜா கிணற்றடி. அதன்பிறகுதான் மூச்சு வந்தது.

அன்றைக்கு அந்தக் குவிமாடத்தைப் பார்த்து அப்பா ஏதோ சமாதி என்று நினைத்தார். நீதான் பலகையைப் படித்துச் சொன்னாய். 368 அடி, ஒரு ஆள் இறங்கும் அகலத்தில், கையாலேயே தோண்டியிருக்கிறார்கள். தாத்தா தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கவே நீ பயப்படுவாய், அது இதில் கால்வாசி ஆழம்கூட இல்லை. அந்தக் கதையை நான் இங்கே வந்தபிறகும் நிறையப் பேருக்குச் சொன்னேன். அந்த மேட்டு ஊரில் தண்ணீருக்கு அவ்வளவு கஷ்டம். வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மாவே அடித்தாளாம். அந்தப் பக்கத்தில் வளர்ந்த ரீடு துரை இந்தியாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்தபோது காசி ராஜாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார். ராஜா அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. பணம் அனுப்பினார், 1864இல் கிணறு திறந்தார்கள், எழுபது வருஷம்போல ஊரே அதில் தண்ணீர் சேந்தியது. துரை வாயைத் திறந்து சொன்னதால்தான் ராஜாவுக்குத் தெரிந்தது. நான் அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அடித்தது கோபத்தில் இல்லை, கண்ணு. மறுநாளைக்கு எங்கே போவது என்ற பயம்.

பவானி சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். ஆறு மாதம் தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போனார். அதைச் சொல்லி இப்போதும் சித்தி அழுவாள். பணம் போனதற்கு அவள் அழவே இல்லை.

உன் அப்பா ஊரெல்லாம் என் மகன் லண்டனில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ரெடிங் என்றால் யாருக்கும் தெரியாது என்று லண்டன் என்பார். அவர் சொல்லிவிட்டாரே என்று எதையும் நீ தூக்கிச் சுமக்க வேண்டாம். லிங்க் வருவது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வேலையை விட்டு நின்றவர்களுக்கு விசாவில் 60 நாள் என்று ஒரு கணக்கு இருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தான். யாருக்கோ உபயோகப்படும் என்று கத்தரித்து வைத்திருக்கிறேன்.

சைக்கிளை மட்டும் விற்றுவிடாதே. என்ன வந்தாலும் அதை விற்காதே. நீ ஓட்டிவிட்டு வந்த மறுநாள் உன் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. கிறிஸ்மஸ் காமனில் தலைக்கு மேலே வட்டமடிக்கிற பருந்துகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தாயே, வால் பிளந்தது, அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இங்கிலாந்தில் அற்றுப்போன பறவை, 1990இல் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அந்த மலையில் விட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். படத்துக்குக் கீழே மூன்று வரி எழுதியிருந்தாய். நீண்ட நாளைக்குப் பிறகு நீ எழுதிய மூன்று வரி.

இந்த மாதக் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டு. அவ்வளவு பெரிய சுற்று வேண்டாம். ஹென்லி வரை போய்த் திரும்பு, போதும். விளக்குக்கு பேட்டரி மாற்று.

என் ரிட்டையர்மென்ட் பணத்தில் போட்ட டெபாசிட் நவம்பர் 14 முடிகிறது. பேங்கில் புதுப்பிக்கலாமா என்று கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம், சேவிங்ஸ் கணக்கில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என் பணம், அப்பாவிடம் கேட்கவேண்டியதில்லை. அவர் காலை ஆறிலிருந்து ஏழு வரை வாக்கிங் போகிறார். உனக்கு அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும், ஆனால் நீ அந்த நேரத்தில் தூங்குவதில்லை என்று தெரிகிறது. அப்போது கூப்பிடு.

அம்மா