குழந்தை பிறக்கும் முன்னே பதிவு முடியட்டும்

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்ற பாட்டி அயர்லாந்தில், கார்க் நகரத்தில் பிறந்தவர் என்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். பிரசவத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் (வட அயர்லாந்தும் சேர்த்துத்தான்), பேரப்பிள்ளை அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். அதற்கென்று வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் பெயர் ஏறிய நாளிலிருந்துதான் மாப்பிள்ளை ஐரிஷ் குடிமகன். அதன் பிறகு பிறக்கும் குழந்தைக்கு அவர் வழியாக அந்த உரிமை உண்டு. ஒரு வாரம் முந்திப் பிறந்துவிட்டால் இல்லை. விண்ணப்பம் அனுப்பிவிட்டோமே என்பது கணக்கில் வராது. சாதாரணமாக மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளை எதிர்பார்க்கிறோம், அவசரம் என்று கேட்க வழி உண்டு, கேளுங்கள்.

பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மாப்பிள்ளையின் அப்பாவுடைய பிறப்புச் சான்றிதழ், அப்புறம் மாப்பிள்ளையுடையது. எல்லாம் பெற்றோர் பெயர் உள்ள முழுச் சான்றிதழாக இருக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழ் எதற்கு என்று நினைக்காதே. பாட்டியின் குடும்பப்பெயர் கல்யாணத்தோடு மாறியிருக்கும். கார்க்கில் பிறந்த பெண்ணும் இவருடைய பாட்டியும் ஒருவரே என்று காட்ட அந்தத் தாள்தான் சாட்சி. எழுத்துக்கூட்டல் எங்காவது மாறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

என்ன லாபம் என்று கேட்டாயே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் எதிலும் விசா இல்லாமல் வசிக்கலாம், வேலை பார்க்கலாம். ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனிலும் ஐரிஷ்காரர்களுக்கு அந்த உரிமை தனியாக இருக்கிறது. நம் குழந்தை இருபது வயதில் எங்கே படிக்க ஆசைப்படும் என்று இப்போது யாருக்குத் தெரியும்? நீங்கள் இருக்கும் கனடாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, அயர்லாந்தும் ஏற்கிறது, அதனால் எதையும் விடவேண்டியதில்லை. இந்தச் சட்டமெல்லாம் அப்படியே இருக்கும் என்றும் நம்பாதே. இத்தாலியில் முன்பு தலைமுறைக்கு எல்லையே இல்லை. 2025-ல் பொதுவாகத் தாத்தா பாட்டியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் உன் கதை வேறு. மாப்பிள்ளை ஐரிஷ் ஆனதால் மட்டும் நீ ஐரிஷ் ஆகிவிட மாட்டாய். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. நீயாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே, 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, இந்தியக் குடியுரிமை போய்விடும். கனடா பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று நீ கேட்டதற்கு என் பதில், அவசரப்படாதே என்பதுதான். முடிவு உன்னுடையது.

குழந்தைக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கிவிடலாம். வாழ்நாள் விசா மாதிரி அது. எத்தனை நாள் வேண்டுமானாலும் எங்களோடு வந்து இருக்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. சிலர் அதையே இரட்டைக் குடியுரிமை என்கிறார்கள், அது சரியில்லை.

சம்பந்தியிடம் அவருடைய பிறப்புச் சான்றிதழை இந்த வாரமே கேட்டுவிடு. கேட்கக் கூச்சமாக இருந்தால் மாப்பிள்ளையைக் கேட்கச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா