இரண்டு மார்க் விடையும் புளியங்கொட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் பிளஸ் டூ உயிரியல் வினா-விடை வந்திருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு என்னிடம் சந்தேகம் கேட்க வந்தாள். அதில் ஒரு இரண்டு மார்க் கேள்வி: ‘மனிதரில் குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பவர் யார்?’ விடை: ‘ஆணே தீர்மானிக்கிறார்.’ கீழே ஒரு வரி: எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். (எக்ஸ், ஒய் என்பவை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குரோமோசோம்கள், அதாவது பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்.) அவ்வளவுதான். பேப்பர் திருத்துகிறவர் முழு மார்க் போட்டுவிடுவார். முப்பத்திரண்டு வருடம் நானும் போட்டவள்தான். ஆனால் அந்தத் ‘தீர்மானிக்கிறார்’ என்ற சொல்லால் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை வருகிற இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். 1984-ல் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, மதுரையைச் சுற்றியே பல ஊர்களில் உயிரியல் நடத்திவிட்டு, 2016-ல் ஓய்வு பெற்றேன்.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் மனித இனப்பெருக்கப் பாடத்தை நான் நடத்தவே இல்லை. படம் வரைந்த சார்ட்டை மாட்டி, பாகங்களைக் குறிக்கச் சொல்லி, ‘மிச்சத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்துவிட்டேன். கடைசி பெஞ்சில் எவனாவது சிரித்துவிடுவானோ என்ற பயம். எனக்கு அப்போது வயது 26, கல்யாணமும் ஆகவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளையிடம் விசாரித்தால், அவள் வகுப்பிலும் இன்றைக்கு அதேதான் நடந்திருக்கிறது. தாவரத்துக்கு மூன்று வாரம், மனிதருக்கு ஒரு பீரியட். அந்த ஒரு பீரியடிலும் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். பையன்களுக்கு இந்தப் பாடம் வேண்டாம் என்று யார் முடிவு செய்தது? நாளைக்குப் பெண் பிறந்ததென்று மனைவியை அவள் மாமியார் ஏசும்போது பக்கத்தில் சும்மா நிற்கப் போகிறவன் அவன்தானே?

எனக்குக் கூச்சம் போனது பூசணிப் பூவால்.

ஒரு மார்கழியில், கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்துப் பூ செருகுவதற்காக அம்மா கொல்லையில் பூசணிப் பூ பறித்துக்கொண்டிருந்தார். கூடப் போன என் அண்ணன் மகளிடம், ‘நீட்டுக் காம்பு இருக்கிற பூவைப் பறி. அடியில் பிஞ்சு இருக்கிறதைத் தொட்டுவிடாதே’ என்றார். அம்மா படித்தது ஐந்தாவது. ஆண் பூ, பெண் பூ என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. ஆனால் எதைப் பறித்தால் காய்க்கு நஷ்டம் என்று தெரிந்திருந்தது. மார்கழி முழுக்க மதுரை வீட்டு வாசல்களில் சாணி மேல் உட்கார்ந்திருந்த மஞ்சள் பூவெல்லாம் பெரும்பாலும் ஆண் பூ என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தாவரவியலில் பட்டம் வாங்கி ஐந்தாறு வருடம் கழித்து!

மறுநாள் இரண்டு வகைப் பூவையும் ஈரத்துணியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோனேன். பூசணிப் பூ விடியுமுன் விரிந்து, பத்து மணிக்குள் சுருண்டுவிடும். அதனால் பாடத்தை முதல் பீரியடுக்கு மாற்றிக்கொண்டேன். ஆண் பூவைக் கிழித்தால் நடுவில் ஒரே தூண். விரலை வைத்தால் மஞ்சள் மாவு ஒட்டும். பெண் பூவில் அந்த இடத்தில் மகரந்தம் ஒட்டுவதற்காகப் பிசுபிசுவென்று பிளவுபட்ட சூல்முடி, அடியில் நெல்லிக்காய் அளவில் பிஞ்சு. பிஞ்சைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக, பின்னால் விதையாகப் போகிற சூல்கள். தேனீ வராத நாளில் விவசாயி ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு எடுப்பதையும் செய்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அதே மூச்சில், ‘சரி, சூலகம், சூல், மகரந்தம் எல்லாம் பார்த்துவிட்டோம். இப்போது நம் உடம்புக்கு வருவோம்’ என்று சார்ட்டைத் திருப்பினேன். பையன், பெண் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

கொடிக்காலையும் சொல்லியாக வேண்டும். வெற்றிலையிலும் ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. ஆனால் அப்பாவோ அவருக்கு முந்தியவர்களோ அதில் விதை எடுத்து முளைக்க வைத்ததே கிடையாது. நல்ல கொடியாகப் பார்த்துத் துண்டு வெட்டி, அகத்திக்கு அடியில் நட்டு, வளர வளர வாழை நாரால் கட்டுவார்கள். மல்லிகையும் அப்படித்தான். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, பூவால் பேர் வாங்கினாலும் பூவால் பெருகுவதில்லை. பதியன், குச்சி என்றுதான் ஊர் ஊராகப் போகிறது. 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்கும் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் ‘அதுக்கு விலை கூடுமா?’ என்று கேட்டிருப்பார்.

இந்த முறையில் லாபம் உண்டு. அம்மாக்கொடியின் ருசி, காரம், இலை அகலம் எதுவும் மாறாது. ஆபத்தும் அங்கேயேதான். நான் ஒன்பதாவது படித்தபோது ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் நின்று, வாடல் நோய் வந்தது. முதலில் வாய்க்கால் ஓரத்தில் நாலு கொடி பழுத்தது. தீபாவளி முடிந்து பார்த்தால் பாதிக் கொடிக்கால் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரு கொடியின் துண்டுகள்தானே? ஒன்றுக்குத் தாங்காதது எதற்கும் தாங்கவில்லை. அப்பா அகத்தியை மட்டும் ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுக்கொண்டு அந்த மாதம் முழுக்கப் பேசாமல் இருந்தார். பாலினப் பெருக்கத்தில் பிள்ளைகள் ஏன் ஆளுக்கொரு விதமாகப் பிறக்க வேண்டும், அதனால் என்ன நன்மை என்று புத்தகம் சொல்லும் ‘மாறுபாடு’ என்ற சொல்லுக்கு, நான் வகுப்பில் சொன்ன விளக்கம் எப்போதும் இந்தக் கொடிக்கால்தான்.

இப்போது மாட்டிக்கொண்ட கதை.

1994. மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளி. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அந்த வருடம்தான் நிறைவேறியது. நான் கரும்பலகையில் கட்டம் போட்டு, ‘பெண்ணிடம் எக்ஸ் மட்டும்தான் உண்டு. ஒய்யைக் கொடுக்க முடிந்தவர் ஆண். ஆகவே ஆண்தான் காரணம்’ என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன். அந்த வகுப்பில் ஒரு பெண். வீட்டில் மூத்தவள். அவள் அம்மாவுக்கு அந்த வாரம் நாலாவதும் பெண்ணாகப் பிறந்து, அப்பத்தா ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. என் வாக்கியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய், ‘அம்மா மேல தப்பில்லை, அப்பாதான் காரணம், டீச்சர் சொன்னாங்க’ என்று போட்டுடைத்துவிட்டாள்.

மூன்று நாள் அவள் வரவில்லை. நாலாவது நாள் அப்பத்தா வந்தார். இடுப்பில் சுருக்குப்பை, வாய் நிறைய வெற்றிலை. ‘எம் மகன்தேன் காரணம்னு சொன்னீகளாமே?’ என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே கேட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அதில் அதிகம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருமகள் தலையில் இருந்த பழியை எடுத்து மகன் தலையில் வைத்திருக்கிறேன். பழி அப்படியேதான் இருக்கிறது.

நல்லவேளையாக, பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரைக் கணக்கைக் கண்டுபிடித்த துறவி மெண்டலைப் பற்றிய பாடத்துக்காக மேசை டிராயரில் புளியங்கொட்டை வைத்திருந்தேன். ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியது, தாயம் உருட்டுவோமே, அதேதான். பட்டாணிச் செடியை எங்கள் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? சுண்டலாகத்தான் தெரியும். மெண்டல் 1856-லிருந்து எட்டு வருடம் மடத்துத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து, ஒரு சோதனையில் மட்டும் 7,324 விதைகளை எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியது 1,850. எண்ணைச் சொன்னால் வகுப்பு தூங்கும். இரண்டு கொட்டையை உருட்டச் சொன்னால் விழித்துக்கொள்ளும். இரண்டும் வெள்ளையாக விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு தடவை, மற்ற மூன்றிலும் ஒரு கறுப்பாவது இருக்கும். கறுப்பு ஓங்கு பண்பு, அதாவது ஒன்று இருந்தாலே வெளியே தெரிகிற பண்பு என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கு ஒன்று கணக்கு கையிலேயே வந்துவிடும்.

அப்பத்தாவை உட்காரவைத்து ஒரே ஒரு கொட்டையைக் கையில் கொடுத்தேன். ‘கறுப்பு விழுந்தா பேரன், வெள்ளை விழுந்தா பேத்தி. உருட்டுங்க’ என்றேன். முதலில் முறைத்தார். தாயத்தில் கெட்டிக்காரர் போலிருக்கிறது, கை தானாகக் குலுக்கியது. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை. ‘உருட்டின கை உங்களோடது. வெள்ளை விழணும்னு நீங்க நினைச்சீங்களா?’ ‘நான் எதுக்கு நினைக்கப் போறேன்.’ ‘உங்க மகனும் நினைக்கலை, மருமகளும் நினைக்கலை. மகன் உடம்பில் பாதி எக்ஸ், பாதி ஒய் என்று கோடிக் கணக்கில் ஓடுது. எது முந்திப் போய் முட்டையைச் சேருதுன்னு அவருக்கே தெரியாது.’ தொடர்ந்து நாலும் வெள்ளையாக விழுவது பதினாறில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான் என்றும், அதற்காக ஐந்தாவது கறுப்பாக விழ வேண்டும் என்று கொட்டைக்கு ஒரு கடனும் இல்லை என்றும் சொன்னேன்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ‘அப்பக் கோழிக்கும் சேவல்தேன் கணக்கா?’ என்றார். வகுப்பில் இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி! கோழியில் மாறிவிடும் என்று உண்மையைச் சொன்னேன். அங்கே இரண்டு விதக் குரோமோசோம் இருப்பது பெட்டையிடம். முட்டைதான் குஞ்சு சேவலா பெட்டையா என்பதை முடிவாக்குகிறது. ‘அது சரி’ என்று ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தார். கிளம்பும்போது கொட்டையை என் கையில் திருப்பி வைத்து, ‘கொட்டைக்குக் கண்ணு இல்ல, ஒத்துக்கிறேன். ஊருக்கு இருக்கே, டீச்சர்’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் பெண் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அந்த அப்பத்தாவை இளக்காரமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. விந்தணுவில்தான் இந்த வித்தியாசம் இருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்தது 1905-ல்தான். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார் மாவில் உண்டாகும் வண்டின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, ஆண் வண்டிடம் இருபதாவது குரோமோசோம் மட்டும் சிறியதாக இருப்பதைக் கண்டுபிடித்தார். மனிதருக்கு 46 குரோமோசோம் என்பது உறுதியானது 1956-ல். அதுவரை விஞ்ஞானிகளே 48 என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஐயா, உங்கள் வினா-விடை பக்கத்தைத் தயாரிக்கிறவரிடம் அந்த விடையை இப்படித் திருத்திப் போடச் சொல்லுங்கள்: ‘முட்டையைச் சேரும் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். எது சேரும் என்பது தற்செயல். தாயும் தந்தையும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.’ ஒரு வரி கூடும். மார்க் குறையாது. அதே பக்கத்தில் மனித இனப்பெருக்கப் பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட இல்லாததையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.

பி.கு.: புளியங்கொட்டையை யாராவது வகுப்பில் பயன்படுத்துவதாக இருந்தால், ரொம்பத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு பக்கம் அதிகம் இழைந்த கொட்டை ஒரே நிறமாக விழுந்துகொண்டிருக்கும். அப்புறம் மெண்டலே வந்தாலும் மூன்றுக்கு ஒன்று வராது. லேசாகக் கறுப்புத் தோல் போனால் போதும்.