டேபிள் ஃபேன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்பது தெரிந்ததுதான். அதே காற்று ஃபேனுக்குள்ளும் போகிறது. டேபிள் ஃபேன், பெடஸ்டல் ஃபேன் வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலை திரும்பும் இடத்தில் ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி மேலுறை வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான். செம்பு தெரிந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், ஒயரையே மாற்றிவிடுங்கள்.

இரும்பு பாடி ஃபேனுக்கு மூன்று பின் பிளக்கும் எர்த்தும் வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது! எலக்ட்ரீஷியன் வந்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச், போடச் சொல்லுங்கள். "எம்சிபிதான் இருக்கே" என்பார்கள். அந்த ட்ரிப் சுவிட்ச் ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஆள் உடம்பு வழியாகக் கசியும் கரண்டுக்கு அசையாது. ஆர்சிசிபி ஏற்கெனவே இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

வலை அலசிய ஈரக்கையோடு ஃபேனைத் தூக்கி நகர்த்த வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.