மில்லரின் குடுவையும் இரும்புக் கற்களும்

ஆசிரியருக்கு,

உயிரின் தோற்றம் பற்றிய கட்டுரையில், 1953-இல் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி, புரதங்களின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களை உருவாக்கியதைப் படித்தேன். அவர் எடுத்துக்கொண்டவை மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. ஆதிப் பூமியின் காற்றில் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே அதிகம் என்று பின்னாளில் பலர் கருதியதால் அந்தச் சோதனையின் மவுசு குறைந்தது. அத்தோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. சிறுகோள்களை விட்டுவிட்டீர்களே! இரும்பு மிகுந்த பெரிய சிறுகோள் மோதினால் கடல்நீரே ஆவியாகும். கொதிக்கும் இரும்பு அந்த நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, ஹைட்ரஜன் மிஞ்சும். (நம் வீட்டு கேட் துருப்பிடிப்பதற்குத் தூரத்து உறவு!) அந்த ஹைட்ரஜன் கரியமில வாயுவோடு வினைபுரிந்து மீத்தேன் உருவாகலாம். ஹைட்ரஜன் மெல்ல விண்வெளிக்குத் தப்பிவிடுவதால் இந்த நிலை நீடிக்காது. அப்படியொரு இடைக்காலத்துக்கு மில்லரின் குடுவை ஓரளவு பொருந்தவே செய்யும்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி