பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தைக் காணும் வழிகளை எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கிடைத்த எண் என்ன சொல்கிறது என்று மட்டும் அவர்களை யாரும் கேட்பதில்லை.

அண்மையில் ஒரு திருப்புதல் தேர்வில் 40, 45, 50, 55, 60 ஆகியவற்றின் திட்ட விலக்கத்தைக் கேட்டிருந்தார்கள். என் மாணவி ஒருத்தி வர்க்கமூலத்தில் புள்ளியை இடம் மாற்றி 70.7 என்று எழுதிவிட்டாள். அதற்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்: "சராசரி 50. எந்த எண்ணும் அதிலிருந்து 10க்கு மேல் விலகவில்லை. விடை 10ஐத் தாண்டவே முடியாது. எங்கேயோ தப்பு." தேடிப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த வரிகளின் மேல் சிவப்புக் கோடு. எந்தச் சந்தேகமும் இல்லாமல் 70.7 என்று முடித்த பையனுக்கும் அவளுக்கும் ஒரே மதிப்பெண். திருத்தியவரைக் குறை சொல்லமாட்டேன். விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை. பொதுத்தேர்வைப் பார்த்துத்தான் எல்லாக் குறிப்புகளும் தயாராகின்றன. ஆனால் அந்த வகுப்பில் திட்ட விலக்கத்தைப் புரிந்துகொண்டு எழுதியவள் அவள்தான்.

பரவலின் பொருளைக் கேட்கும் வினா ஒன்றாவது வையுங்கள். 0, 25, 50, 75, 100 என்ற எண்களுக்கும் சராசரி 50தான். திட்ட விலக்கமோ முன்னதைப் போல் சரியாக ஐந்து மடங்கு. இவை இரண்டு வகுப்புகளின் மதிப்பெண்கள் என்றால், எந்த வகுப்பில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்த முடியாது, ஏன் என்று கேளுங்கள். திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் மாறுபாட்டுக் கெழுவில் ஒப்பிடச் சொல்கிறோமே என்பீர்கள். 'சிறிய எண் வந்தால் அதிக நிலைத்தன்மை' என்று அதையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

சராசரியோடு நின்றுவிடும் பழக்கம் பள்ளியோடு போவதில்லை. 2023 வடகிழக்குப் பருவமழையில் தமிழகத்தின் மொத்த சராசரி இயல்பை ஒட்டியே இருந்தது. அதே பருவத்தில், டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீரோடு நின்றவர்களுக்கு மாநிலச் சராசரியால் என்ன பயன்? கூலி, மகசூல், தேர்ச்சி என எதைப் பேசினாலும் ஒற்றை எண்ணை நீட்டுகிறார்கள். எவ்வளவு பரவியிருக்கிறது என்று திருப்பிக் கேட்க யாருக்கும் நாம் சொல்லித்தரவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடத்தைக் கூட்டவோ குறைக்கவோ நான் கேட்கவில்லை. பொருளைக் கேட்கும் ஒரு வினா, காரணம் எழுதுகிற பிள்ளைக்கு விடைக்குறிப்பில் ஒரு மதிப்பெண். வரும் பொதுத்தேர்விலேயே இதைச் செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்