கோபன்ஹேகனுக்கு மட்டும் மாலை போட்டால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், மனிதனின் பழங்காலத்தைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பிரிக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு இடறியது. ஒன்று, டென்மார்க்கின் தாம்சன் ஒருவரே உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடித்தார் என்ற தொனி. இன்னொன்று, படத்துக்குக் கீழே போட்டிருந்த விளக்கம். அதற்குக் கடைசியில் வருகிறேன், அதில்தான் எனக்குக் கோபமே.

முதலில் தாம்சன். கிறிஸ்டியன் யூர்கென்சன் தாம்சன் பெரிய ஆள், சந்தேகமில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகம் போகாதவர், 1816ல் கோபன்ஹேகனில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த பழம்பொருள்களை ஒழுங்குபடுத்தும் வேலையை ஏற்றுக்கொண்டு, கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்து வைத்தார், 1836ல் அதை ஒரு வழிகாட்டி நூலில் எழுதினார். அடுத்த வருஷமே ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது, அவர் பெயர் நிலைத்தது. கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசை ஒரு எண்ணமாக ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் காலத்திலிருந்தே இருந்தது என்பது தனிக் கதை. எண்ணம் யாருக்கும் வரலாம், அதை மண்ணில் காட்டுவதுதான் பாடு.

அதே 1836ல் ஜெர்மனியின் வடக்கே, சால்ட்ஸ்வேடல் என்ற சின்ன ஊரில் ஒரு பள்ளிக்கூட ரெக்டர், அதாவது தலைமையாசிரியர், ஊரைச் சுற்றித் தான் தோண்டிய புதைமேடுகளைப் பற்றி ஒரு பொது அறிக்கை வெளியிட்டார். ஹாலேயிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வரலாற்றுச் சங்க இதழில் அது வந்தது. தாம்சன் நூலைப் படித்துவிட்டு எழுதியதல்ல, அவராகவே வந்து சேர்ந்த முடிவு. அவர் பெயர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் டானைல். உங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

டானைல் 1783ல் மில்டே ஆற்றங்கரையில் இருக்கும் கால்பே என்ற ஊரில் பிறந்தார், 1868ல் சால்ட்ஸ்வேடலில் இறந்தார். இரண்டும் ஆல்ட்மார்க் என்ற ஒரே வட்டாரத்துக்குள் இருக்கிற ஊர்கள்தான். எல்பே ஆற்றுக்கு மேற்கே, இன்றைய சாக்சன்-ஆன்ஹால்ட் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் சமவெளி அது. பிரஷ்யாவின் பெரிய ஃப்ரெடரிக் அரசர் உயிரோடிருந்தபோது பிறந்தவர், நெப்போலியனின் தம்பி ஜெரோம் ஆண்ட வெஸ்ட்பாலிய ராஜ்யத்துக்குள் அந்த வட்டாரம் 1807 முதல் 1813 வரை மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர், அப்புறம் மறுபடி பிரஷ்யா, ஜெர்மன் பேரரசு உருவாவதற்கு மூன்று வருஷம் முன்னால் கண்ணை மூடினார். இத்தனை கொடி மாறியும் மனிதர் பெரும்பாலும் அந்தச் சமவெளியிலேயே இருந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி பள்ளிக்கூடம், மிச்ச நேரம் மேடுகள். (அதே சால்ட்ஸ்வேடலில்தான் கார்ல் மார்க்ஸின் மனைவி யென்னி 1814ல் பிறந்தார். ஊரைப் பற்றிக் கேட்டால் பலரும் அதைத்தான் சொல்வார்கள், இல்லையென்றால் மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காகச் சுடும் பவும்கூஹன் கேக்கைச் சொல்வார்கள். டானைல் மூன்றாவதாகத்தான் வருவார்.)

அந்த மேடுகள் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்ட்மார்க்கில் வயல் நடுவிலும் காட்டு ஓரத்திலும் பெரிய பெரிய பாறைகளை இரண்டு வரிசையாக நட்டு, மேலே பலகைபோல இன்னும் பெரிய பாறைகளை மூடி வைத்த கல்லறைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை ஹ்யூனன்கிராப் என்பார்கள், அதாவது அரக்கர் கல்லறை. சாதாரண மனிதன் இந்தக் கல்லைத் தூக்க முடியுமா, அரக்கர்தான் தூக்கியிருப்பார்கள் என்ற நியாயம். சுமார் 5000 வருஷத்துக்கு முன் அங்கே பயிர் செய்து வாழ்ந்த மக்கள் கட்டியவை என்று இன்று தெரியும். இவை தவிர மண்ணும் கல்லும் குவித்த கூம்பு வடிவ மேடுகள் உண்டு. மூன்றாவதாக, மேலே எந்த அடையாளமும் இல்லாமல், எரித்த எலும்பைத் தாழியில் போட்டு வரிசையாகப் புதைத்த இடங்கள், தாழிக் காடுகள் என்று வைத்துக்கொள்வோம், ஏர் உழும்போது தாழி உடைந்து வெளியே வரும்.

டானைல் செய்தது இதுதான்: எந்த வகைக் கல்லறையில் எது எதோடு சேர்ந்து கிடக்கிறது என்று பார்த்தார். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பழம்பொருள் சேர்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வாள் வேண்டும், வளையல் வேண்டும், அழகான பானை வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்பது கவலையில்லை. மேஜை மேல் தனியாகக் கிடக்கிற வெண்கல வாளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது இரும்பு வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று அது சொல்லப்போவதில்லை. ஒரு குடும்பம் நாலு தலைமுறை அதை வைத்திருந்திருக்கலாம். கல்லறை அப்படியல்ல. ஒரு ஆளைப் புதைத்த குழி ஒரே நாளில் மூடியது. உள்ளே இருப்பதெல்லாம் அந்த ஒரு நாளில் ஒன்றாக இருந்தவை. பாறைக் கல்லறையில் கல் கோடரிதான் வருகிறது, கூம்பு மேட்டில் வெண்கலம் வருகிறது, தாழிக் காடுகளில் இரும்பு தலைகாட்டுகிறது என்று ஒன்றல்ல, பல கல்லறைகளைத் திறந்து பார்த்துச் சொன்னால் அது வெறும் ஊகம் இல்லை.

இந்த வேலையில் ஒரு பொறியும் உண்டு. பழைய மேட்டின் தோளில் பின்னால் வந்தவர்கள் தங்கள் தாழியைச் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். அவசரக்காரன் தோண்டினால் கல் கோடரியையும் இரும்பு ஊசியையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, இரண்டும் ஒரே காலம் என்று சத்தியம் செய்வான். மேலே கிடந்ததா, ஆழத்தில் கிடந்ததா, நடுவிலா ஓரத்திலா என்று குறித்து வைத்தவன் பிழைப்பான். தாம்சனும் சேர்ந்து கிடைத்த பொருள்களுக்கு மதிப்புக் கொடுத்தவர்தான், அவரை வெறும் அலமாரிக்காரர் என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் அவர் பிரிவினையை டென்மார்க்கில் மண்ணைத் தோண்டி உறுதிசெய்யும் வேலையை அடுத்த தலைமுறை வோர்சோதான் பெரிய அளவில் செய்தார், அவருடைய முக்கியமான நூல் வந்தது 1843ல். டானைல் முதலில் தோண்டினார், அப்புறம்தான் பிரித்தார்.

உடனே, அப்படியானால் கண்டுபிடித்தது ஜெர்மன்காரர்தான் என்று கொடி தூக்க வேண்டாம். வடக்கு ஜெர்மனியின் ஷ்வேரினில் லிஷ் என்பவரும் அதே சமயத்தில் மெக்லன்பர்க் வட்டாரத்துக் கல்லறைகளைப் பார்த்து இதே முடிவுக்கு வந்தார். யார் முதல் என்று பின்னால் டென்மார்க்காரர்களும் ஜெர்மானியர்களும் சண்டையே போட்டிருக்கிறார்கள், படித்தால் சிரிப்பு வரும். மூன்று இடத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதில் ஒருவரிடம் தலைநகரின் அருங்காட்சியகம் இருந்தது, அவர் நூல் வேறு மொழிகளுக்கும் போனது. இன்னொருவர் பள்ளி விடுமுறைக்குக் காத்திருந்திருப்பார்.

தவறுகளும் இருந்தன. அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் வடக்கு ஜெர்மனியின் தாழிக் காடுகளைப் பொதுவாக வெண்டியர் இடுகாடு, அதாவது ஸ்லாவியருடையது என்று நினைத்தார்கள். அது ஆயிரம் வருஷத்துக்கும் மேலான பிசகு. அந்தத் தாழிகளில் பெரும்பங்கு கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று பிறகு காட்டியவர் குஸ்டாவ் ஷ்வாண்டெஸ், பக்கத்து வட்டாரத்து யாஸ்டோர்ஃப் கிராமத்தின் பெயரை ஒரு முழுப் பண்பாட்டுக்கே வைத்தவர். அவரும் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நியாண்டர்தால் எலும்பை 1856ல் கையில் வாங்கி, இது கரடி இல்லை, இன்றைய மனிதனும் இல்லை என்று சொன்ன ஃபூல்ரோட்டும் எல்பர்ஃபெல்டில் பள்ளி வாத்தியார்தான். பெர்லின் பேராசிரியர் விர்ஷோ அதைச் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை, வாத்தியார் சொன்னதுதான் நின்றது.

சரி, டானைலுக்கே வருகிறேன். 1843ல் அவர் இன்னொரு வேலை செய்தார், என்னைக் கேட்டால் முப்பிரிவை விட இதுதான் பெரியது. ஆல்ட்மார்க் முழுக்க இருந்த ஹ்யூனன்கிராப்களை, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை, ஊர் ஊராக எழுதிப் பட்டியல் போட்டார். எதற்கு என்று கேட்பீர்கள். அப்போது பிரஷ்யாவில் கிராமத்துப் பொது நிலங்களைப் பிரித்து ஆளாளுக்கு ஒரே துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை ஊர்ப்பொதுவாக ஆடு மேய்ந்த புதர் இன்று ஒருவனுடைய வயல். நடுவில் பாறை இருந்தால் ஏர் போகாது. அது போதாதென்று கல் ரோடுகள் போடத் தொடங்கியிருந்த காலம், பாறைக்கு நல்ல கிராக்கி. உடைத்து விற்றால் காசு, வயலும் சுத்தம். 5000 வருஷம் அசையாமல் நின்றவை ஒரே தலைமுறையில் ரோட்டுக்கடியிலும் தொழுவத்துச் சுவரிலும் போயின. டானைல் பட்டியலில் இருந்ததில் இன்று பாதிகூட மிஞ்சவில்லை. போனவற்றில் பலவற்றுக்கு அவர் எழுதிய சில வரிகளே மிச்சம், இப்போது அங்கே ஆய்வு செய்கிறவர்களும் அந்த வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இதைத் தலைநகரில் உட்கார்ந்து செய்ய முடியாது. எந்தக் குடியானவன் அடுத்த மாதம் பாறையை உடைக்கப் போகிறான் என்று அந்த ஊரில் இருப்பவனுக்குத்தான் தெரியும், அதுவும் அவன் மகன் உங்கள் வகுப்பில் படித்தால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

கல்லோடு நிற்கவில்லை. 1836லேயே ஆல்ட்மார்க் வரலாற்றுக்கென்று ஒரு சங்கம் தொடங்குவதில் முன்னால் நின்றார். பெயரில் வரலாற்றோடு தொழிலும் சேர்ந்திருந்தது, அப்போதைய நாகரிகம் அது. 1842ல் சால்ட்ஸ்வேடலின் திருச்சபை வரலாறு, 1847ல் ஷூலன்பர்க் பிரபுக் குடும்பத்தின் வம்ச வரலாறு. இந்த இரண்டையும் நான் படிக்கவில்லை, வம்ச வரலாறு படிக்கும் பொறுமை எனக்கில்லை. ஆனால் 1859ல், 76 வயதில், அவர் வெளியிட்ட அகராதியைப் புரட்டியிருக்கிறேன். ஆல்ட்மார்க் விவசாயிகள் பேசிய பிளாட் மொழியின் அகராதி. பள்ளிக்கூட ஜெர்மனில் தண்ணீர் வாஸர், பிளாட்டில் வாட்டர். ஆப்பிள் அங்கே அப்ஃபெல், இங்கே அப்பெல். ரெக்டர் என்கிற முறையில் பையன்கள் வாயிலிருந்து இந்தப் பேச்சைத் துடைத்து நல்ல ஜெர்மன் ஊட்டுவதுதான் அவர் உத்தியோகம். பகலில் துடைத்ததையே ராத்திரி உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார் மனிதர். உடையப்போகும் பாறையைப் பட்டியல் போட்ட அதே கைதான் இதையும் எழுதியது.

ஹைமாட்ஃபோர்ஷர் என்று ஜெர்மானியர்கள் இப்படிப்பட்டவர்களைச் சொல்வார்கள், சொந்த மண்ணை ஆராய்கிறவர். சில பேராசிரியர்கள் வாயில் அது பாதி கேலி. ஹைமாட் என்ற சொல்லுக்கு வேறு ஒரு கறையும் ஒட்டியிருக்கிறது, 1933க்குப் பிறகு நாஜிகள் இதே புதைமேடுகளைக் காட்டி இனப்பெருமை பேசினார்கள், பல உள்ளூர் ஆய்வாளர்கள் சந்தோஷமாகக் கூடவே போனார்கள். டானைல் அதற்கு ரொம்ப முந்தியவர், ஆனால் அந்தச் சொல்லைச் சும்மா இனிப்பாக மட்டும் எழுதிவிட முடியாது என்பதால் சொல்கிறேன்.

சில வருஷம் முன்பு ஒரு வேலையாக ஜெர்மனி போனபோது ஒரு நாள் மிச்சம் பிடித்து சால்ட்ஸ்வேடலில் இறங்கினேன். மரியா தேவாலயத்துக்குப் பக்கத்தில் பழைய செங்கல் கட்டடத்தில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போனபோது என்னைத் தவிர ஒரு பாட்டியும் பேரனும்தான். பேரனுக்குக் கல் கோடரி பிடித்திருந்தது, பாட்டிக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. அப்புறம் லூடெல்சன் பக்கம் காட்டுக்குள் இருக்கும் கல்லறைகளைப் பார்க்கப் போனேன். பைன் மரங்கள், பாசி, நடுவே அந்தப் பாறைகள். அருகில் போய்க் குனிந்தால் உள்ளே கல்லறை அறை தெரிகிறது.

இப்போது உங்கள் பட விளக்கம். அதேபோன்ற ஒரு வடஜெர்மன் கல்லறைப் படத்தைப் போட்டு, கீழே 'ஆதி மனிதர்களின் பலிபீடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மேல்கல்லைப் பார்த்து இது பலி கொடுத்த மேடை என்று பழங்காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. அது பீடம் இல்லை, கூரை. அதற்குக் கீழே ஆட்களைப் புதைத்தார்கள், ஒருவரையல்ல, பல தலைமுறையாகப் பலரை. இதைத் திறந்து பார்த்துச் சொன்னவர்களைப் பற்றிய கட்டுரையிலேயே, அவர்கள் திருத்திய பிழையைப் படத்தின் கீழே அச்சடிப்பது கொஞ்சம் அதிகம்.

அடுத்த ஞாயிறு நாலு வரியில் ஒரு திருத்தம் போட்டால் போதும். பலிபீடத்தை எடுத்துவிட்டுக் கல்லறை என்று போடுங்கள். தாம்சன் பக்கத்தில் லிஷ், டானைல் என்ற இரண்டு பெயரையும் சேருங்கள். டானைல் என்பதை அச்சுப்பிழை என்று நினைத்து யாராவது டேனியல் ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை முதலில் பிரித்துப் படிக்கும் ஒரு வாசகர்